தோற்ற கட்சியும் கோடாங்கியும்

(புதுக்கோட்டையில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் என்னவென்றால், ஒரு அரசியல் கட்சி ஒரு தேர்தலில் தோற்றுப்போனால், அடுத்த தேர்தலுக்கு அபேட்சகரைப் பொறுக்கும்போது அந்தத் தோல்வி அக்கட்சியின் புத்தியில் என்ன வேலை செய்கிறது என்பதாகும். இது கட்சிக்காரர்கள் தங்கள் ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு பேசவேண்டிய சங்கதியாயிற்றே, இதில் நமக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைக்கும்படி ஜனங்களைப் பழக்கி வைத்திருப்பதுதான் கட்சிகளின் சாமர்த்தியம். நீங்கள் ஓட்டு மிஷினில் பொத்தானை அமுக்குவதற்கு முன்பே பாதித் தேர்தல் முடிந்துபோகிறது. அந்த மிஷினில் யார் யார் பெயர் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தவன் எவனோ, அவனே முதல் ஓட்டைப் போட்டவன். மிச்சமிருக்கும் ஓட்டுத்தான் உங்களுடையது.

நிற்க, கிராமத்தில் ஒருவனுடைய மாடு செத்துப்போனால் அவன் என்ன செய்யவேண்டும்? தீவனத்தைப் பார்க்கவேண்டும், குடித்த தண்ணீரைப் பார்க்கவேண்டும், மாட்டு டாக்டரைக் கேட்கவேண்டும். அதை விட்டுவிட்டு அவன் கோடாங்கியிடம் ஓடினால் கோடாங்கி உடுக்கையை அடித்து, "தெற்கு மூலைச் சாமிக்குக் குறை இருக்கிறது, கிடா வெட்டு" என்பான். இவனும் வெட்டுவான். அடுத்த மாடும் செத்தால் "கிடா கருப்பாய் இல்லை" என்பான். செத்த மாட்டுக்கும் வெட்டிய கிடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று இருவரும் கேட்கமாட்டார்கள்.

கட்சிகள் தோற்றபோது செய்கிற ஆராய்ச்சியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான் என்பது நமது அபிப்பிராயம். தோற்ற மறுநாள், "நமது கொள்கையை ஜனங்கள் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? ஐந்து வருஷம் நாம் எந்த ஊருக்குப் போனோம்? எந்த வேலையைச் செய்தோம்?" என்று கேட்பதில்லை. "எதிரி நிறுத்திய ஆள் என்ன சாதி? அந்தத் தொகுதியில் அந்தச் சாதி எத்தனை தலை? அவன் எவ்வளவு செலவழித்தான்? அவன் யாருடைய மகன்?" என்றுதான் கேட்கிறார்கள். சாதி, பணம், குடும்பம் என்ற இந்த மூன்றும்தான் அவர்களுடைய உடுக்கைச் சத்தம். அடுத்த தேர்தலில் அந்த மூன்றும் உள்ள ஒருவரைத் தேடிப்பிடித்து நிறுத்துகிறார்கள். ஜெயித்தால் கோடாங்கிக்குப் பெருமை. தோற்றால் கிடா கருப்பாய் இல்லை.

நமது ஜில்லாவையே பாருங்கள்

இதற்கு வெளியூர்க் கதை எதற்கு? இந்தப் புதுக்கோட்டை 1948-ம் வருஷம் மார்ச்சு 3-ந் தேதி வரையில் தொண்டைமான் ராஜாவின் சமஸ்தானமாய் இருந்தது. 1974 ஜனவரியில் தனி ஜில்லாவாயிற்று. 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களும் இங்கு கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்ற ஆறு தொகுதிகளில் நடந்தன. தோற்றவர்களைக் கட்சிகள் என்ன செய்தன என்பதை மாத்திரம் பார்ப்போம்.

புதுக்கோட்டைத் தொகுதியில் 2011-ல் தி.மு.க.வின் பெரியண்ணன் அரசு, இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் முத்துக்குமரனிடம் தோற்றார். முத்துக்குமரன் 2012-ல் மோட்டார் விபத்தில் மாண்டுபோக, இடைத்தேர்தலில் ராஜ வம்சத்தைச் சேர்ந்த கார்த்திக் தொண்டைமானை அ.தி.மு.க. நிறுத்தி ஜெயித்தது. 2016-ல் தி.மு.க. பழைய தோல்வியைப் பாராட்டாமல் பெரியண்ணன் அரசையே மறுபடி நிறுத்திற்று. அவர் சுமார் 2,000 ஓட்டு வித்தியாசத்தில் கார்த்திக் தொண்டைமானை ஜெயித்தார். 2021-ல் அ.தி.மு.க. தோற்ற அந்த ஆளையே திரும்ப நிறுத்திற்று, தி.மு.க.வோ ஜெயித்த ஆளை மாற்றி டாக்டர் முத்துராஜாவை நிறுத்திற்று. முடிவென்ன? மாற்றிய கட்சி ஜெயித்தது, மாற்றாத கட்சி முன்னைவிட அதிக வித்தியாசத்தில் தோற்றது.

திருமயத்தில் 2011-ல் ஜெயித்த அ.தி.மு.க.வின் வைரமுத்து, 2016-ல் தி.மு.க.வின் ரகுபதியிடம் 766 ஓட்டில் தோற்றார். 766 ஓட்டுத்தானே, இன்னொரு தடவை நிறுத்தினால் எடுத்துவிடலாம் என்று அக்கட்சி நினைத்ததோ என்னவோ, 2021-ல் அவரையே நிறுத்திற்று. 1,382 ஓட்டில் மறுபடியும் தோல்வி. விராலிமலையில் அ.தி.மு.க.வின் விஜயபாஸ்கரிடம் 2016-ல் தோற்ற தி.மு.க.வின் பழனியப்பனே 2021-லும் நிறுத்தப்பட்டார். அவரும் முன்னைவிட அதிக வித்தியாசத்தில் தோற்றார். ஆலங்குடியில் 2016-ல் தோற்ற அ.தி.மு.க., 2021-ல் வேறொருவரை நிறுத்திற்று. அவரும் தோற்றார்.

அறந்தாங்கிக் கதை இன்னும் விசேஷமானது. அங்கே 1977 முதல் 1996 வரை ஆறு தேர்தல்களில், கட்சி மாறினாலும் ஆள் மாறாமல், திருநாவுக்கரசர் ஜெயித்துவந்தார். அவர் காங்கிரசுக்கு வந்த பிறகு 2011-ல் அதே அறந்தாங்கியில் தோற்றார். 2016-ல் காங்கிரஸ் அவருடைய மகன் ராமச்சந்திரனை நிறுத்திற்று. அவர் சுமார் 2,000 ஓட்டில் தோற்றார். 2021-ல் அவரையே மறுபடி நிறுத்திற்று. இந்தத் தடவை சுமார் 30,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

தோழர்களே! இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். தோற்றவரையே திரும்ப நிறுத்தியதில் புதுக்கோட்டையில் ஒருவர் ஜெயித்தார், இன்னொருவர் தோற்றார். திருமயத்திலும் விராலிமலையிலும் தோற்றார்கள். அறந்தாங்கியில் ஜெயித்தார். ஆலங்குடியில் ஆளை மாற்றியும் தோல்வி. அப்படியானால் "தோல்விக்கு ஆள்தான் காரணம், ஆளைச் சரிப்படுத்தினால் எல்லாம் சரியாகும்" என்கிற சாஸ்திரம் எங்கே போயிற்று? 2016-ல் 2,000 ஓட்டில் தோற்ற ஒரு மனிதர் ஐந்து வருஷத்தில் 30,000 ஓட்டில் ஜெயிக்கிறார் என்றால், அந்த ஐந்து வருஷத்தில் அவருடைய சாதி மாறிற்றா? தகப்பனார் மாறினாரா? ஒன்றும் மாறவில்லை. மாறியது ஜனங்களின் மனம். பத்து வருஷ ஆட்சியின் மேல் வந்த சலிப்பு ஒரு காரணம். கூட்டு மாறியது ஒரு காரணம். இந்த ஜில்லாவில் ஆறில் ஐந்து இடம் ஒரு பக்கம் போன அந்த 2021-லும், விராலிமலை மாத்திரம் மறுபக்கம் நின்றது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆகவே, ஆளுக்கு மதிப்பே இல்லை என்பது நமது வாதமல்ல. பல காரணங்களில் ஒன்றை, அதிலும் சுலபமாய்க் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை, எல்லாக் காரணமும் அதுவே என்று நம்புவதற்குப் பெயர்தான் மூடநம்பிக்கை. அது கோவிலில் இருந்தாலும் மூடநம்பிக்கைதான், கட்சி ஆபீசில் இருந்தாலும் மூடநம்பிக்கைதான்.

இங்கு பெயர் சொல்லப்பட்ட கனவான்கள் யாரையும் குறை சொல்லுவது நமது நோக்கமல்ல. ராஜ வம்சத்தில் பிறந்தது ஒருவரின் குற்றமுமல்ல, யோக்கியதையுமல்ல. தகப்பனார் தலைவராய் இருந்தது மகனின் குற்றமுமல்ல, யோக்கியதையுமல்ல. நாம் கேட்பது கட்சியை. 2011-ல் ஜனங்கள் வேண்டாமென்று சொன்ன பிறகு, அந்தத் தொகுதியில் கொடி பிடித்து, சுவரில் எழுதி, ஓட்டர் லிஸ்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் அலைந்த வேறு தொண்டன் ஒருவனுக்கும் யோக்கியதை இல்லையென்று எந்தப் பரீட்சை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான் நமது கேள்வி.

"ஜெயிக்கவேண்டாமா?" என்கிறவர்களுக்கு

இதைச் சொன்னால் கட்சிக்காரர்கள், "கொள்கை பேசிக்கொண்டே தோற்றுக்கொண்டிருந்தால் ஜனங்களுக்கு என்ன நன்மை? முதலில் ஜெயிக்கவேண்டாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாதியும் பணமும் பட்டமும் ஜெயித்துக் கொடுக்கும் என்பது உண்மையா என்று சரித்திரத்தைக் கேட்போம்.

நமது இயக்கத்தோடு சம்பந்தப்பட்ட நீதிக்கட்சியையே முதலில் எடுத்துக்கொள்ளுவோம். சொந்த வீட்டைப் பெருக்காமல் ஊரார் வாசலைக் குறை சொல்லுவது யோக்கியமல்ல. 1926 தேர்தலில் அக்கட்சி 98 இடங்களில் 21-தான் பெற்றது; சுயராஜ்யக் கட்சி 41 பெற்றது. தோற்றவுடன் ஆராய்ச்சி ஆரம்பித்தது. பார்ப்பனரல்லாதார் நன்மைக்கென்று ஏற்பட்ட கட்சியில் பார்ப்பனரையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்ற யோசனை 1929-ல் நெல்லூர் மாநாட்டுக்கு வந்தது. சுயமரியாதைக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். 1930-ல் கட்சி மறுபடி ஜெயித்தது. 1932-ல் பொப்பிலி ராஜா முதன்மந்திரியானார். ஜமீன்தார்களும் பட்டக்காரர்களும் கட்சியின் முன்வரிசையில் நின்றார்கள். பிறகு 1937 வந்தது. சட்டசபையில் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. பொப்பிலி ராஜாவே, பொப்பிலித் தொகுதியிலேயே, தொழிலாளர் தலைவரான வி. வி. கிரியிடம் தோற்றார். தோழர்களே! பணமும் பட்டமும் ஓட்டு வாங்கிக் கொடுக்குமென்றால் பொப்பிலியில் பொப்பிலி ராஜா தோற்பாரா?

அந்தத் தோல்வியிலிருந்து இரண்டு பாடம் படிக்கலாம். இன்னும் பெரிய ராஜாவாய்த் தேடு என்பது ஒரு பாடம். ராஜாக்களை விட்டு ஜனங்களிடம் போ என்பது மற்றொரு பாடம். 1944-ல் சேலம் மாநாட்டில் எடுத்துக்கொள்ளப்பட்டது இரண்டாவது பாடம். கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்றாயிற்று. சர்க்கார் கொடுத்த பட்டங்களையும் நியமனப் பதவிகளையும் விட்டுவிடவேண்டும் என்று தீர்மானமாயிற்று. விட மனமில்லாதவர்கள் விலகிப்போனார்கள். தேர்தலில் ஜெயிக்க அது வழியா என்றால், அது தேர்தலுக்கு நிற்கிற கட்சியாகவே இல்லை. ஆனால் தோல்வியைக் கண்டு கொள்கையைச் சுருக்காமல் ஆட்களைச் சலித்தெடுத்தது என்பதற்காக அதைச் சொல்லுகிறோம்.

அடுத்தபடியாகக் காங்கிரசைப் பார்ப்போம். 1957-ல் தி.மு.க. முதல் தடவையாகத் தேர்தலில் இறங்கி 15 இடங்களை எடுத்தது. ஆட்சி கையிலிருந்தும் காங்கிரசுக்கு அந்தப் பதினைந்து தோல்விகள் உறுத்திற்று. 1962-ல் அந்த இடங்களை மீட்பதற்கென்றே, ஊருக்கு ஊர் செல்வாக்குள்ள ஆட்களைப் பார்த்து நிறுத்தினார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாத்துரைக்கு எதிராக நடேச முதலியார் என்ற பஸ் முதலாளி நிறுத்தப்பட்டார். அண்ணாத்துரை தோற்றார். கருணாநிதி குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு மாறி ஜெயித்தார். கோடாங்கிக்குப் பெரிய பெருமை! ஆனால் அதே தேர்தலில் தி.மு.க.வின் மொத்த இடம் 15-லிருந்து 50 ஆயிற்று என்பதைக் கோடாங்கி கவனிக்கவில்லை. சில மரங்களை வெட்டினார்கள், தோப்பு வளர்ந்துகொண்டிருந்தது. 1965-ல் இந்தி எதிர்ப்பு வந்தது. அரிசிப் பஞ்சம் வந்தது. 1967-ல் தி.மு.க. 137 இடங்களைப் பெற்று ஆட்சிக்கு வந்தது. விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் ஜெயித்தார். அந்த வாலிபரிடம் பஸ் இருந்ததா, ஜமீன் இருந்ததா? எதிரே நின்றவர் சாமான்யரா? ஜனங்களின் கோபத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்க, அபேட்சகரின் சட்டைப்பையில் மருந்து தேடினால் வியாதி தீருமா?

இந்த முறையால் நமக்கு வரும் கேடு

சரி, கட்சி ஏமாந்தால் கட்சிக்கு நஷ்டம், நமக்கென்ன என்பீர்கள். நஷ்டம் நமக்குத்தான் என்பதைச் சொல்லவே இவ்வளவு தூரம் பேசினோம்.

முதலாவது, சாதித் தலைகளை எண்ணி அபேட்சகரைப் பொறுக்கினால், எண்ணிக்கையில் குறைந்தவனுக்கு என்றைக்கும் இடமில்லை. 2022 டிசம்பரில் இந்த ஜில்லாவில், வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இந்தியா முழுதும் அதைப் பேசிற்று. அந்த ஊரில் உள்ளது சில குடும்பங்கள். கூட்டலில் பார்த்தால் அவர்கள் ஓட்டு ஒரு பெட்டியில் ஒரு மூலைக்கும் காணாது. பெரிய எண்ணிக்கையுள்ள சாதியின் பேரால் சீட்டு வாங்கிய ஒருவர், அந்தச் சாதியில் நாலு பேர் முகம் சுளிக்கும்படியான ஒரு நியாயத்தைச் சொல்ல வாய் திறப்பாரா? திறந்தால் அடுத்த தடவை சீட்டுக் கிடைக்குமா? அவரை நாம் கோழை என்று திட்டுவதில் பிரயோஜனமில்லை. அவரைப் பொறுக்கிய முறையே அவர் வாயைத் தைத்துவிட்டது.

இரண்டாவது, தாழ்த்தப்பட்டவர்களுக்கு இந்த ஜில்லாவில் கந்தர்வகோட்டை ஒன்றே தனித்தொகுதி. மற்ற ஐந்தும் பொதுத்தொகுதி. பொது என்றால் எல்லோருக்கும் பொது என்றுதான் சட்டம் சொல்லுகிறது. ஆனால் பெரிய கட்சிகள் அந்த ஐந்தில் ஒன்றிலாவது ஒரு தாழ்த்தப்பட்ட தோழரை நிறுத்திப் பார்க்கத் துணிவது எப்போது? "தோற்றுவிடுவார்" என்பார்கள். நிறுத்தாமலே தோற்றுவிடுவார் என்று எப்படித் தெரிந்தது? இதுவும் கோடாங்கி சொன்னதுதான்.

மூன்றாவது, பெண்கள். 2021-ல் இந்த ஜில்லாவில் ஜெயித்த ஆறு பேரும் ஆண்கள். முத்துலட்சுமி ரெட்டியார் பிறந்த ஊர் இது. அந்த அம்மாள் படிக்கவே ராஜாவின் உத்தரவு வேண்டியிருந்தது. அவர் சென்னைச் சட்டசபைக்குப் போனதும் நியமனத்தினாலேயொழிய ஜனங்கள் ஓட்டினால் அல்ல. போன பிறகு பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். அப்பேர்ப்பட்டவர் பிறந்த மண்ணில் ஆறில் ஒரு இடத்துக்குக்கூட ஒரு பெண் ஜெயிக்கும்படி கட்சிகள் ஏற்பாடு செய்யவில்லை என்றால், யார் வெட்கப்படுவது?

நான்காவது, பணம். அபேட்சகராக விரும்புகிறவன் கட்சிக்கு மனுப் போடவே ஆயிரக்கணக்கில் கட்டணம். பிறகு நேர்காணல். "உன்னால் எவ்வளவு செலவு செய்ய முடியும்?" என்ற கேள்வி அதில் கேட்கப்படுகிறது என்பது ஊரறிந்த சங்கதி. சட்டசபை அபேட்சகர் 40 லட்ச ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று 2022-ல் தேர்தல் விதி திருத்தப்பட்டது. நாற்பது லட்சம் என்ற எல்லையே, நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு குடும்பம் ஆயுள் முழுதும் பாடுபட்டாலும் சேர்க்க முடியாத தொகை. போன தடவை தோற்றதற்குப் பணம் போதாததுதான் காரணம் என்று கட்சி நம்பிவிட்டால், ஏழைத் தொண்டனுக்கு அந்தக் கதவு நிரந்தரமாய்ச் சாத்தப்பட்டது என்று அர்த்தம்.

வேறு வழி உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1968-ல் ஜனநாயகக் கட்சி, ஜனாதிபதி பதவிக்கு ஹம்ப்ரி என்பவரை நிறுத்திற்று. அவர் கட்சி ஓட்டர்கள் ஓட்டுப் போடுகிற பூர்வாங்கத் தேர்தல் ஒன்றிலும் நிற்காதவர். தலைவர்கள் கூடிப் பொறுக்கியவர். சிக்காகோ மாநாட்டுக்கு வெளியே வாலிபர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், போலீசார் அடித்தார்கள். ஹம்ப்ரி, நிக்ஸனிடம் தோற்றார். தோற்ற கட்சி என்ன செய்தது? "யாரை நிறுத்தலாம்" என்பதற்கு முன், "யார் பொறுக்குவது" என்று கேட்டது. ஒரு கமிட்டி போட்டு, பொறுக்கும் அதிகாரத்தைத் தலைவர்களின் அறையிலிருந்து ஓட்டர்களுக்கு மாற்றிற்று. அதனால் உடனே ஜெயித்துவிட்டார்களா? இல்லை. 1972-ல் 50 ராஜ்யங்களில் 49-ல் தோற்றார்கள். ஆனால் 1976-ல், அதிகம் பேர் அறியாத கார்ட்டர் என்பவர் அந்த வழியாகவே வந்து ஜெயித்தார். பிறகு 1980-ல் தோற்றதும் தலைவர்களுக்குக் கொஞ்சம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் கதவை முழுதும் சாத்த முடியவில்லை. ஜனங்கள் கைக்கு ஒரு தடவை வந்த உரிமை லேசில் போகாது.

நமது நாட்டிலும் சட்டம் ஒரு சிறு வழியைத் திறந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. கிரிமினல் வழக்கு உள்ள ஒருவரை ஒரு கட்சி நிறுத்தினால், வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்தவில்லை என்ற காரணத்தைப் பகிரங்கமாய்ப் பிரசுரிக்கவேண்டும். "ஜெயிக்கக் கூடியவர்" என்று மாத்திரம் சொன்னால் அது காரணமாகாது. தோழர்களே! வழக்குள்ளவரை நிறுத்தத்தான் காரணம் சொல்லவேண்டுமா? எல்லா அபேட்சகருக்கும் ஏன் சொல்லக்கூடாது?

ஆகவே நாம் கேட்பது மூன்று காரியம். ஒன்று, எந்தக் கட்சி தோற்றாலும் அது தோற்ற ஊருக்கே திரும்பி வந்து, பொதுவிடத்தில் உட்கார்ந்து, "எங்களை ஏன் வேண்டாமென்றீர்கள்?" என்று ஜனங்களைக் கேட்கவேண்டும். நெடுவாசலில் 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்த ஜனங்களுக்குத் தங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தது; கேட்டால் இதற்கும் பதில் சொல்லுவார்கள். இரண்டு, அடுத்த அபேட்சகரை அந்தத் தொகுதியின் கட்சி அங்கத்தினர்களே ஓட்டுப் போட்டுப் பொறுக்கவேண்டும். மூன்று, ஏன் இவர் என்ற காரணத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதில் சாதியும் இருக்கக்கூடாது, சொத்தும் இருக்கக்கூடாது, தகப்பன் பேரும் இருக்கக்கூடாது. அவற்றை நீக்கிய பிறகு எழுத ஒன்றுமில்லையென்றால், அந்த ஆள் வேண்டாம்.

ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தால், வெடிக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்கிறீர்கள். ஐந்து வருஷத்து அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்கிறபோது, ஏன் இந்த ஆள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஓட்டுக்கு முந்தின இரவில் ஒரு கவரை வாங்கிக்கொண்டால், கேட்கிற வாயும் அந்தக் கவருக்குள் போய்விடுகிறது. ஏழைத் தொண்டனுக்குச் சீட்டு இல்லாமல் செய்வதில் அந்தக் கவருக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அடுத்த தடவை யார் வந்து கைகூப்பினாலும், அவர் எந்தக் கட்சியாயிருந்தாலும், நமக்கு வேண்டியவராகவே இருந்தாலும், முதலில் கேட்கவேண்டியது இதுதான்: "ஐயா, உம்மை யார், எதற்காகப் பொறுக்கினார்கள்?" அந்தக் கேள்வியை உங்கள் ஊரில் பத்துப் பேர் கேட்க ஆரம்பித்தால் போதும். இதுவே நாம் இன்று சொல்ல வந்தது. சரியென்று பட்டதைக் கொண்டுபோங்கள், தப்பென்று பட்டதை இங்கேயே எழுந்து கேளுங்கள்.